ஆசிரியர் இல்லாமல் வாட்டர்கலர்: முதலில் தண்ணீரைப் பழகுங்கள்

வகுப்பில் சேர்ந்தால்தான் வாட்டர்கலர் வரும் என்று தயங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூர் ஆற்றையும் பழைய கடைவீடுகளையும் வரைந்து 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்ற ஓங் கிம் செங், தானாகவே கற்றுக்கொண்டவர்தான். துணிந்து தொடங்குங்கள்.

முதலில் பொருள்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும். காசைத் தாளில் போடுங்கள், பெயிண்டில் அல்ல. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) வாட்டர்கலர் தாள் வேண்டும், சாதாரண டிராயிங் தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும். 8 அல்லது 10ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று, மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, அப்புறம் இரண்டு டப்பாத் தண்ணீர், ஒரு பழைய துணி. போதும்.

இனி ஒரே நிறத்தை ஒரே சீராகப் பூசிப் பழகுங்கள். தாளை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, மேல்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வையுங்கள். நிறையத் தண்ணீரில் கரைத்த நீலத்தை இடமிருந்து வலமாக இழுத்தால் கோட்டின் அடியில் நீர் மணிமாதிரி திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அதைத் தொட்டபடியே அடுத்த கோட்டை இழுக்க வேண்டும். கடைசியில் தேங்கும் நீரை பிரஷைப் பிழிந்துவிட்டு அதன் நுனியால் உறிஞ்சி எடுங்கள்.

அடுத்து ஈரத்தின் மேல் ஈரம், அதாவது ஈரமாக இருக்கும் தாளிலேயே நிறத்தை வைப்பது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இங்கேதான் பொறுமை வேண்டும். மழை நாளில் சன்னலைத் திறந்து வைத்து வரைந்தால் தாள் வெகுநேரம் காயாது, ஏர்கான் அறையிலோ சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் தாளைச் சாய்த்து அதன் மினுமினுப்பைப் பாருங்கள். குளம்போலப் பளபளத்தால் வைத்த நிறம் தாறுமாறாக ஓடும். பளபளப்பு அடங்கி மங்கலாகும் நேரத்தில் கெட்டியான நிறத்தை வைத்தால் ஓரம் மட்டும் மெத்தென்று பரவும். அந்த நேரத்தில் பிரஷில் தாளைவிட அதிகத் தண்ணீர் இருந்தால், அது ஏற்கெனவே வைத்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரிக் கறையாக்கிவிடும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும்வரை சின்னத் துண்டுத் தாள்களில் இதையே செய்யுங்கள், சலிப்பாக இருந்தாலும் விடாதீர்கள்.

சரி, இப்போது படம். தேக்காவில் ஒரு கடைவீட்டைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் கோடு லேசாக இருக்கட்டும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விடுங்கள், வெளிர் நிறங்களை முதலில் பூசுங்கள், காய்ந்தால் இன்னும் வெளிறும் என்பதால் கொஞ்சம் தூக்கலாகவே கலக்குங்கள். கடைவீட்டின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையின் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். அதை ஒரே மூச்சில் பூசிவிட்டு, காயும்வரை கை வைக்காதீர்கள்.