சுற்றுமுறைப் போர் விளையாட்டில் பதுங்குகுழியும் கோட்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690இல் மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்று எல்லை வகுத்தார்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது அதனால்தான். நானும் இரண்டு நண்பர்களும் கணினியில் ஒரு சுற்றுமுறைப் போர் விளையாட்டை, அதாவது இரு தரப்பும் மாறி மாறிப் படைகளை நகர்த்தும் ஆட்டத்தை, உருவாக்க முனைந்தது இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில். அறுகோணக் கட்டங்களில் தென்பெண்ணை முதல் புதுச்சேரிவரை வரைந்தோம். கோட்டையும் பதுங்குகுழியும் சேர்த்த நாளிலிருந்துதான் எங்கள் விளையாட்டு நின்றுபோனது. பார்க்க வந்தவர்கள் நாற்பது சுற்று ஆடியும் ஒரு கட்டம்கூட நகரவில்லை.

முதல் தவறு எங்களுடைய கணக்கில் இருந்தது. பதுங்குகுழியில் இருக்கும் படைக்குத் தற்காப்பு ஐம்பது சதவீதம் கூடும் என்று ஒரு வரி எழுதிவிட்டு, வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டோம். பொத்தானை அழுத்தினால் குழி தயார்! அப்படி இருந்தால் எந்த ஆட்டக்காரர்தான் தோண்டாமல் இருப்பார்? குழியின் உண்மையான விலை நேரம். 1994இல் வந்த பான்சர் ஜெனரல் என்ற கணினிப் போர் விளையாட்டு இதை எளிமையாகத் தீர்த்தது: நகராமல் இருக்கும் படையின் அரண் மதிப்பு சுற்றுக்குச் சுற்று ஏறும், தாக்குதலுக்கு உள்ளாகும்போது இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து இருந்தால்தான் எதிரிக்கு ஒரு வழி உண்டு. நாங்கள் இன்னும் ஒன்று சேர்த்தோம், மண். தேவனாம்பட்டினக் கடற்கரையில் மணலைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கங்கள் சரியும், கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் இதே தொல்லைதான். அங்கே பல இடங்களில் கீழே தோண்ட முடியாமல் மணல் மூட்டைகளை அடுக்கி மேலே சுவர் எழுப்பினார்கள். எல்லா நிலத்திலும் ஒரே வேகத்தில் குழி விழுமானால் வரைபடத்தில் நிலத்தைப் பிரித்து வரைந்த உழைப்பு வீண்.

தாக்குகிறவருக்கு வழியே வைக்காமல் காக்கிறவருக்கு மட்டும் கருவிகளைக் கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. கோட்டை முற்றுகையில் பதுங்குகுழியை முதலில் வெட்டுகிறவர் தாக்குகிறவர்தான். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகரை முற்றுகையிட்டபோது வோபான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், சுவருக்கு இணையாக ஒரு குழிவரிசை வெட்டி, அங்கிருந்து வளைந்து வளைந்து முன்னேறி, அடுத்த இணைவரிசை, பிறகு மூன்றாவது என்று நெருங்கிச் சென்றார். வளைவு எதற்கு என்றால், நேராக வெட்டினால் சுவரிலிருந்து வரும் ஒரு குண்டு குழி நெடுக ஓடி எல்லோரையும் வீழ்த்திவிடும். விளையாட்டில் இதை வைப்பது கடினமே இல்லை. தாக்குகிறவர் சுற்றுக்கு ஒரு கட்டம் வெட்டிக்கொண்டு போகலாம், வெட்டிய கட்டத்தில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு, போதிய அளவு நெருங்கிய பிறகுதான் பீரங்கி சுவரை உடைக்கும்.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியே சான்று. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்கவேன் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து புறப்பட்டு, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காத்து நின்ற புதுச்சேரியை முற்றுகையிட்டார். போகும் வழியில் அரியாங்குப்பத்துச் சிறு அரணைக் குறைவாக எடைபோட்டு, அதிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் இழந்தார். பிறகு அவருடைய பொறியாளர்கள் முதல் குழிவரிசையைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 1,500 கஜத்துக்கு அப்பால் தொடங்கினார்கள். அன்றைய வழக்கத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு அது. முன்னால் சதுப்பு நிலம். பீரங்கிகள் நிலைகொண்டு சுடத் தொடங்கும்போது மழைக்காலம் தலைக்குமேல் வந்துவிட்டது. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியபோது ஆயிரத்துக்கும் அதிகமான ஐரோப்பியர் இறந்திருந்தார்கள். இந்த ஒரு முற்றுகையைச் சரியாக நிகழ்த்திக் காட்ட முடிந்தால் உங்கள் விதிகள் சரி என்று நான் துணிந்து சொல்வேன். அரியாங்குப்பத்தைத் தாக்குவதா, சுற்றிப் போவதா. குழியை எங்கே தொடங்குவது. மழைக்கு முன் எத்தனை சுற்று மிச்சம். ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

தடையையும் அரணையும் ஒன்றாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பழைய புதுச்சேரியைச் சுற்றி அடர்ந்த முள்வேலி ஒன்று இருந்தது, அதன் இடையிடையே சிறு கொத்தளங்கள். முள் யாரையும் குண்டிலிருந்து காக்காது, வருகிறவரை நிறுத்தும். அப்படி நின்றவரைக் கொத்தளத்துப் பீரங்கி சுடும். இருபதாம் நூற்றாண்டின் முள்கம்பியும் இதே வேலையைத்தான் செய்தது. ஆகவே வேலிக்குத் தற்காப்புப் புள்ளி தராதீர்கள், நகர்வுச் செலவைக் கூட்டுங்கள். சுடுவதற்கு ஆளில்லாத வேலியை ஒரு சுற்றில் வெட்டிக் கடந்துவிடலாம் என்று வையுங்கள்.

திசையும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் ஒரே பாதுகாப்புத் தரும் குழி எங்கும் இல்லை. பக்கவாட்டில் வந்து தாக்கினால் பாதிப் பாதுகாப்பு, பின்னால் வந்து தாக்கினால் சுழியம் என்று வைத்தால் போதும்.

முதல் உலகப் போரை எடுத்துக்கொள்கிறவர்கள் செய்யும் தவறு வேறு. போர் தேங்கியதற்குக் காரணம் குழியின் வலிமை என்று நினைத்து அதன் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் பிரிட்டிஷ் படை ஒரே நாளில், இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து, 57,470 பேரை இழந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் போர் முழுவதிலும் முன்வரிசைக் குழிகள் பலமுறை பிடிக்கப்பட்டன. பிடித்த பிறகு என்ன ஆனது என்பதைப் பாருங்கள். தாக்கியவர் குண்டு கிளறிய சேற்றில் நடந்து முன்னேற வேண்டும், காக்கிறவரோ பின்னாலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடுவார். இந்த வேக வேறுபாட்டை விதியாக்குங்கள். எதிரி வரிசையை உடைத்த அதே சுற்றில் காக்கிறவரின் இருப்புப் படை ஒன்றுக்கு நகர உரிமை கொடுங்கள். குழியின் மதிப்பை நீங்கள் பாதியாகக் குறைத்தாலும் போர்முனை அன்றைப்போலவே தேங்கும்.

உணவைக் கணக்கில் எடுக்காத கோட்டை வெறும் சுவர். வள்ளுவர் அரணுக்கு இலக்கணம் சொல்லும்போது, பகைவர் கொள்வதற்கு அரியதாக இருக்க வேண்டும் என்பதோடு, உள்ளே கூழ் நிறைந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறார். 1760இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் புதுச்சேரியைச் சூழ்ந்தபோது நகரம் பட்டினியால்தான் தளர்ந்தது. உணவு மிச்சப்பட வேண்டும் என்று பிரெஞ்சுத் தளபதி லாலி தமிழ்க் குடிகளை வெளியேற்றினார். இரண்டு படைகளுக்கும் நடுவே அவர்கள் போக்கிடமின்றித் தவித்தார்கள். 1761 புத்தாண்டு நாளில் வீசிய புயலில் முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்தும்கூட, ஜனவரி 16 அன்று நகரம் பணிந்தது. எங்கள் முதல் பதிப்பில் நகரங்களில் படைகளைத் தவிர ஒருவரும் இல்லை. இப்போது ஒவ்வொரு நகரத்திலும் மக்கள் இருக்கிறார்கள், தானியம் குறைகிறது, அவர்களை என்ன செய்வது என்று ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் பதில் சொல்லியாக வேண்டும். இதைச் சேர்த்ததற்காக நான் மிகவும் மகிழ்கிறேன்.

பட்டினி முற்றுகையிடுகிறவருக்கும் உண்டு. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைச் சூழ்ந்த ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை, கடற்போரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் மேலோங்கி ஆங்கிலக் கப்பல்கள் விலகியதும் தானே நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. உள்ளிருப்பவர் வெளியே பாய்ந்து குழிகளைத் தாக்கவும் விதி வேண்டும். ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை அப்படிப் பாய்ந்தது, தோற்றது.

கணினியே எதிரியாக ஆடும்போது அதற்கும் இவை எல்லாம் தெரிய வேண்டும். எங்களுடைய கணினி எதிரி முதலில் சுவரில் போய் மோதி மோதிப் படையை அழித்துக்கொண்டது. திருத்தியபோது, எங்கும் நகராமல் குழி தோண்டிக்கொண்டே இருந்தது. புது விதியை எழுதிய அன்றே கணினியோடு பத்துச் சுற்றாவது ஆடிப் பாருங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் எங்களுக்கு ஒரு கோடை முழுவதும் போயிற்று.

இப்போது எங்கள் ஆட்டத்தில் ஐப்பசி பிறந்தால் தாழ்நிலக் குழிகளில் தண்ணீர் நிற்கும், பீரங்கி நகராது. போன வாரம் ஆட வந்த கல்லூரி மாணவி அரியாங்குப்பத்தை ஒரு சிறு படையால் மறித்து வைத்துவிட்டு நேராக நகரத்துக்குப் போனார். மழைக்கு மூன்று சுற்று இருக்கும்போது அவருடைய மூன்றாவது குழிவரிசை சுவரடியைத் தொட்டது.