மசோதா பாஸான அன்றே சட்டம் மாறிவிடாது

2024 ஜனவரி முதல் வாரம். சங்ககிரியில் ஒரு புக்கிங் ஆபீஸில் ஓட்டுநர் ஒருவர் லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “இனி வண்டி எடுக்கறதில்லீங்க. ஆக்சிடென்ட் ஆனா பத்து வருசம்னு சட்டம் வந்துருச்சாமா” என்றார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டம் அமலிலேயே இல்லை.

நம் பக்கம் கோர்ட் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ‘மசோதா நிறைவேறியது’ என்று செய்தி வந்தால் மறுநாளே எல்லாம் மாறிவிட்டதாக நினைக்கிறோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா மசோதாவையே பாருங்கள். 2023 டிசம்பர் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 25-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். அமலுக்கு வந்ததோ 2024 ஜூலை 1. ஓட்டுநர்கள் போராடிய 106(2), அதாவது விபத்தில் உயிர்போனபின் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பிரிவு, அன்றும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கவனக்குறைவால் உயிர்போனால் 5 ஆண்டு வரை என்கிற 106(1) அன்றே அமலாகிவிட்டது.

சரி, 2024 ஜூனில் நடந்த விபத்துக்கு? பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ தான், அதிகபட்சம் 2 ஆண்டு. குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாகத் தரக்கூடாது என்று அரசியலமைப்பின் 20-வது பிரிவே சொல்கிறது.

இன்னொன்று, எதிர்ப்பைத் தாமதமாகச் சொல்வது. இந்த மசோதா 2023 ஆகஸ்ட் 11-ல் அறிமுகமாகி நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. பிறகு திரும்பப் பெறப்பட்டு, டிசம்பர் 12-ல் திருத்திய வடிவில் வந்தது. மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய காலம் அந்த நான்கு மாதம். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனாலும் நம் சங்கங்கள் அப்போதே எழுத்தில் மனு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஈரோடு, திருப்பூர் வியாபாரிகளுக்கு இதே தேதிச் சிக்கல் செக் திரும்பிய கேஸில் வரும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஏ பிரிவு 2018 செப்டம்பர் 1-ல் அமலானது. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு அது பொருந்தாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருந்தும் கேஸிலும் 20 சதவீதம் தானாக வந்துவிடாது. தருவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு.

இதில் செக்கில் எழுதிய தேதியை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. செக் திரும்பியபின் நாம் அனுப்பும் நோட்டீஸ், செக் கொடுத்தவர் கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால்தான் குற்றம் முழுமையாகும். அதனால் வக்கீலைப் பார்க்கப் போகும்போது பேங்க் தந்த ரிட்டர்ன் மெமோவோடு, நோட்டீஸ் கிடைத்ததற்குத் தபாலில் வந்த ஒப்புகை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.