மெய்நிகர் சர்வர்களுக்கு ஒரு பொதுக் கிடங்கு

என் கணினியில் எட்டு மெய்நிகர் சர்வர்கள் ஓடுகின்றன, எல்லாமே டெபியன் லினக்ஸ். ஒரே கெர்னல் பேக்கேஜை எட்டும் தனித்தனியாக இறக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இதற்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி போதும்; ஒருமுறை இறக்கிய பேக்கேஜைச் சேமித்து வைத்து, மற்ற சர்வர்களுக்கும் கொடுக்கும் மென்பொருள் இது. ஒரு சின்ன சர்வரை ஒதுக்கி அதில் நிறுவுங்கள். நிறுவியதுமே 3142-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். எனக்கு ஒருநாள் முகவரி மாறி, எட்டிலும் அப்டேட் நின்றுபோனது.

அப்புறம் மற்ற சர்வர்களில், ஆப்ட் (டெபியனில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) அமைப்புக் கோப்புறைக்குள் ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி: ஹெச்டிடிபி பிராக்ஸியாக, அதாவது நடுவில் நின்று வாங்கித் தரும் சர்வராக, அந்த முகவரியும் போர்ட்டும்.

ஹெச்டிடிபிஎஸ் களஞ்சியங்களில்தான் (பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் கிடங்குகள்) சிக்கல். மறையாக்கம் செய்த போக்குவரத்தை நடுவில் நின்று சேமிக்க முடியாது. இயல்பான அமைப்பில் கேச்சர் அந்த இணைப்பையே மறுத்துவிடும். டெபியன் களஞ்சியத்துக்கு ஹெச்டிடிபி முகவரியே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ட் கையொப்பத்தைச் சரிபார்ப்பதால், வழியில் யாராவது பேக்கேஜை மாற்றினால் பிடிபடும். ஹெச்டிடிபிஎஸ் மட்டுமே தரும் களஞ்சியங்களுக்கு, கேச்சரின் அமைப்புக் கோப்பில் பாஸ்-த்ரூ-பேட்டர்ன் வரியை இயக்கி, அவற்றை அப்படியே கடந்துபோக விடுங்கள். அவை சேமிப்பில் சேராது, ஆனால் வேலை நடக்கும்.

சரி, இப்போது ஒரு சர்வரில் ஒரு பேக்கேஜை நிறுவிவிட்டு, இரண்டாவது சர்வரில் அதே பேக்கேஜை நிறுவிப் பாருங்கள். கண்மூடித் திறப்பதற்குள் வந்து இறங்கும்.