முதல் ட்ராக் கார் தயார் செய்வது எப்படி: எஞ்சினை விடுங்கள், பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் ட்ராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து இளைஞர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். என் காரைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்ண்ணா, எஞ்சினுக்கு என்னங்க பண்ணுனீங்க?" புது டைமிங் பெல்ட், புது ரேடியேட்டர் ஹோஸ், ஆயில், ஃபில்ட்டர். அவ்வளவுதான். நேரமும் பணமும் போனதெல்லாம் பிரேக்கில். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஜாக் வைக்கவும் சக்கரம் கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடையது பழைய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எடை சுமார் 900 கிலோ, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஜென், பழைய ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். சின்ன எஞ்சின் போதுமா என்று தயங்க வேண்டாம். இந்த ட்ராக் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த வகைக் காரில் ஆரம்பத்தில் ஓட்டிய நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 வரை போனார். குறைந்த சக்தியுள்ள காரில்தான் வளைவில் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள முடியும். நேர்ப்பாதையில் எஞ்சின் வந்து காப்பாற்றாது.

1. வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்காதீர்கள். எஸ்டீம் தயாரிப்பு 2007இல் நின்றுவிட்டது, கடைசி வண்டிக்கே வயதாகிவிட்டது. துருவைத் தேடுங்கள். முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் பாடியோடு சேரும் இடம், ஜாக் வைக்கும் இடம், பின் சக்கரத்துக்கு முன்னால் அடித்தளம் மடியும் இடம். இந்த மூன்றில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் வேறு வண்டி பாருங்கள். எஞ்சின் புகை விட்டால்கூட மாற்றிக்கொள்ளலாம், பாடி போனால் எல்லாம் போச்சு.

2. கழற்றுவது

பின் சீட், கார்பெட், ஸ்டெப்னி, தளர்வாக இருக்கும் எல்லாம் வெளியே. பேட்டரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையவே கூடாது. முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி இருக்க வேண்டும். தீயணைப்பானை உலோகக் கிளாம்ப் போட்டு ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் போல்ட் அடித்து வையுங்கள், பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி சரியல்ல. ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரண கார் இன்சூரன்ஸ் பணம் தராது. அதனால் கழற்றிய வண்டியை ட்ராக்குக்கு ரெக்கவரி வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். சாலையிலும் ஓட்ட வேண்டும் என்பவர்கள் எதையும் கழற்றாமல் பிரேக், டயர் வேலையை மட்டும் செய்துகொண்டு ட்ராக் டேக்கு (போட்டி இல்லாமல் சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) வாருங்கள். முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

3. பிரேக்: இங்கேதான் நிற்க வேண்டும்

முதலில் ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து 950 கிலோ எடையுள்ள காரை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறக்கினால் ஏறக்குறைய 400 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். கரி ட்ராக்கின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். சின்ன ட்ராக் என்பதால் ஒரு பிரேக்கின் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்துவதற்கென்று செய்த பேடும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) பிரேக் ஆயிலும் இதைத் தாங்காது.

பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். டாட் என்பது அதன் தரக் குறியீடு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய டாட் 3 வெறும் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், டாட் 4 155இல். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் திறந்து வைத்த பாதி பாட்டிலை அடுத்த மாதம் எடுத்து ஊற்றாதீர்கள். சீல் உடைக்காத டாட் 4 பாட்டில் சாதாரண ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும். தொடங்குபவருக்கு அதுவே என் தேர்வு. டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிக்கான், 5.1 வேறு. சிலிக்கானை இதில் கலக்கவே கூடாது.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்பார்கள். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, நன்றாகவும் செய்வார்கள். ஆனாலும் ட்ராக் காருக்கு நான் சீவ மாட்டேன். டிஸ்க்கின் கனம்தான் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. கனம் குறைந்தால் சீக்கிரம் சூடேறும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதை நெருங்கிவிட்டால் புது ஜோடி போடுங்கள். பேடில் செமி மெட்டாலிக் வாங்குங்கள். காலையில் கொஞ்சம் கத்தும், பரவாயில்லை.

இனி ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நம் வண்டிகளில் அது பின் இடது. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதன்படி போங்கள். காற்று வெளியேறத் திறக்கும் திருகான நிப்பிளுக்கு ரிங் ஸ்பானர் மட்டும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பரையே கழற்ற வேண்டியிருக்கும். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். குழாய்க்கு மருந்துக்கடை சலைன் டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். குமிழி தெளிவாகத் தெரியும். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கி இருக்கட்டும்.

வால்வு வைத்த ஒற்றை ஆள் கருவிகளும் விற்கிறார்கள். எனக்கு இன்னொரு ஆள் இருப்பதுதான் பிடிக்கும். பெடலில் கால் வைத்திருப்பவர் "அமுத்தீட்டேனுங்" என்று சொன்ன பிறகு நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும், பெடல் இறங்கும், நிப்பிளை மூட வேண்டும், "விடு" என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்குள் கால் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி வழக்கமான ஓட்டத்தில் பயன்படுவதே இல்லை, அங்கே அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் சீல் அதில் உரசிக் கிழியும். பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் என் எஸ்டீமில் பெடல் சரியாக வரவில்லை. ஒரு குமிழிகூட இல்லை, ஆயில் கண்ணாடி போல வருகிறது, பெடல் மட்டும் பாதி தூரம் சும்மா இறங்குகிறது. உக்கடத்தில் பார்ட்ஸ் தேடப் போன இடத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, பெடல் மெத்துனு இருக்குதுங்களா, இல்ல ஆழமா போகுதுங்களா?" அந்தக் கேள்விதான் சாவி. பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துத் திரும்பத் திரும்ப ஏர் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. ஆழமாகப் போய் அங்கே கெட்டியாக நின்றால் அது காற்று அல்ல, பின் டிரம்மில், உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். கால் வைத்தபடி இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது.

சோதிப்பது சுலபம். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் குற்றவாளி பின் டிரம்தான். ஹேண்ட்பிரேக் ஷூவை முன்கூட்டியே டிரம்மோடு ஒட்ட வைத்துவிடுவதால் வீணாகும் தூரம் குறைகிறது. என் வண்டியில் ஷூ தேயத் தேயத் தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருவேறி இறுகிப் போயிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, உலோகம் உரசும் இடங்களில் மட்டும் கிரீஸ் தொட்டு வைத்து, சக்கரம் லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்ததும் பெடல் மேலே வந்துவிட்டது.

புதுப் பேடைப் பழக்காமல் வேகமாக ஓட்டாதீர்கள். ட்ராக்கில் முதல் சுற்றுகளில் 80இலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், சில முறை படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பிடியுங்கள். அப்புறம் பிரேக் தொடாமல் ஆற விடுங்கள். பேடின் மேல்படலம் டிஸ்க்கில் சமமாகப் படிய வேண்டும், அதற்குத்தான் இது.

4. டயர்

நல்ல ரோடு டயர் போதும். காற்றழுத்தத்துக்குச் சொந்தமாக டயல் கேஜ் வாங்குங்கள், பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி ட்ராக்கில் இறங்க மாட்டேன். டயர் சூடேறினால் அழுத்தம் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை ஏறும், அதனால் சூடாக இருக்கும்போது அளந்து குறித்து வையுங்கள். டயர் ஓரத்தில் வெள்ளை ஷூ பாலிஷ் ஒரு கோடு தடவி விடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, தரையில் படும் பகுதியைத் தாண்டாமலே இருந்தால் அதிகம்.

5. ஹெல்மெட், பெல்ட், கேஜ்

கார் ரேஸுக்கென்று ஸ்னெல் எஸ்ஏ தர ஹெல்மெட் இருக்கிறது, உள்துணி தீப்பிடிப்பதைத் தாங்கும். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை இல்லை. ட்ராக் டேக்கு எதை ஒப்புக்கொள்வார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அழகுக்காக நாலு முனை ஹார்னெஸை (ரேஸ் பெல்ட்) மட்டும் மாட்டாதீர்கள். சரியான சீட்டும் அதைக் கட்டச் சரியான இடமும் இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டே மேல். மோதலில் நாலு முனை ஹார்னெஸின் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு. ஆறு முனை பெல்ட்டில் கால்களுக்கிடையே வரும் பட்டைகள் அதைத்தான் தடுக்கின்றன.

கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கேட், கிரில் செய்யும் பட்டறைக் குழாய் வேண்டவே வேண்டாம். சர்வதேச விதிப்படி குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத ஸ்டீல் குழாய் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 கனமும், அல்லது 50 விட்டமும் 2 கனமும். கோவையில் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. வரைபடத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துப் பேசுங்கள்.

6. போட்டிக்கு

ட்ராக் டே வேறு, ரேஸ் வேறு. ரேஸில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் உரிமம் வேண்டும். நீங்கள் சேரும் பிரிவின் விதிப்புத்தகத்தைக் காரில் கை வைக்கும் முன்பே படியுங்கள். பரிசோதனையில் பெரும்பாலும் மாட்டுவது சின்ன விஷயங்கள்தான்: ஆடும் பேட்டரி, கசியும் ஆயில், இழுவைக் கொக்கி இல்லாதது. கொடிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். மஞ்சள் தெரிந்தால் முந்தக் கூடாது, சிவப்பு தெரிந்தால் வேகம் குறைத்து, கார்கள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

ஓட்டி முடித்து வந்ததும் பிரேக் சூடாக இருக்கும், ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளை ஒவ்வொரு முறையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளவிடும் ஸ்பானர்) வைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பொள்ளாச்சி நண்பர் ஒருவர், காலிப்பரைக் கழற்றி ஓவர்ஹால் செய்த பிறகு எவ்வளவு எடுத்தும் காற்று வந்துகொண்டே இருக்கிறது என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். இடது காலிப்பர் வலதிலும், வலது இடதிலும் மாறியிருந்தது. அப்படி மாறினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், எவ்வளவு அமுக்கினாலும் வெளியே வராது. மாட்டியதும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெருந்துறையிலிருந்து வந்த கேள்வி: காலையில் நன்றாக இருந்த பிரேக் சில சுற்றுகளில் போய்விடுகிறது, ஆறினால் திரும்ப வருகிறது, பேடா ஆயிலா? பெடல் எப்படி இருந்தது என்பதை வைத்தே சொல்லலாம். கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே தரைக்குப் போனால் ஆயில் கொதித்து ஆவி உண்டாகியிருக்கிறது. அவருடையது இரண்டாவது. ஆறியதும் பெடல் திரும்பினாலும் அதே ஆயிலில் அடுத்த செஷனுக்குப் போக வேண்டாம், புது டாட் 4 ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.