புது ஈவி காரில் பாட்டு சரியில்லையா? ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இப்போது நாலு எலெக்ட்ரிக் கார் நிற்கின்றன. அதில் ஒன்று என் பள்ளிக்கூட நண்பனுடையது. வாங்கிய மூன்றாம் நாளே வந்து நின்றான். "இன்னா மச்சான், இவ்ளோ காசு குட்த்து வாங்கினேன், என் பழைய டீசல் வண்டியிலயே பாட்டு நல்லா இருந்துச்சு. இதுல பேஸே இல்லடா." அந்தக் கனத்த தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரும் அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரும் மாட்ட ஒரு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

வண்டியில் ஏறி ஆடியோ செட்டிங்கைத் திறந்தேன். முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடர் முழுக்கப் பின் சீட் பக்கம் கிடந்தது. பேஸ் கடைசிப் படி, கீச்சென்ற உயர்ந்த ஒலியான ட்ரெபிளும் கடைசிப் படி. போனில் தனியாக ஒரு ஈக்வலைசர் ஆப் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்குவது), அதிலும் பேஸ் பூஸ்ட். ஓடிக்கொண்டிருந்தது யாரோ யூடியூபில் ஏற்றிய பழைய கேசட் காப்பி. ஸ்பீக்கர் பாவம், என்ன செய்யும்?

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் நாலைந்து பேர் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எல்லோரும் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான். எதைக் கேட்கிறோம் என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே திருத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

"டீசல் வண்டியில் நல்லா இருந்துச்சு"

அவன் சொன்னது பொய் இல்லை. டீசல் வண்டியில் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் வால்யூமைத் தூக்கியே வைத்திருப்போம். ஈவியில் அந்த இரைச்சல் இல்லாததால் கை தானாகக் குறைத்து வைக்கிறது. இங்கேதான் நம் காது ஒரு வேலை காட்டுகிறது. சத்தம் குறையக் குறைய, நடுவில் உள்ள குரலைவிட அடிப்பகுதி பேஸ் வேகமாகக் காணாமல் போகும். 1933லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆக அவன் வண்டியில் பேஸ் குறையவில்லை, வால்யூம்தான் குறைந்திருக்கிறது. சில கார்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். சின்ன சத்தத்தில் கேட்கும்போது இந்தக் குறையை ஈடுகட்டத்தான் அது.

வண்டி ஓட ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. இன்ஜின் மறைத்து வைத்திருந்த டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் வெளியே வந்துவிடும். சாலையிலிருந்து ஏறிவரும் உறுமல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 500 அதிர்வுக்கு, கீழே இருக்கும். டயருக்குள் அடைபட்ட காற்றே 200 ஹெர்ட்ஸ் சுமாருக்கு ஒரு முனகல் போடும். பேஸும் ஆண் குரலின் அடிப்பகுதியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, அவற்றை இது மூடிவிடுகிறது. ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூடும் என்று டயரில் காற்றை அளவுக்கு மேல் அடித்து வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கதவின் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் தடவியதைவிட அது அதிகம் உதவும்.

எங்கள் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் விரைவுச் சாலையில் துறைமுகத்துக் கண்டெய்னர் டிரெய்லர்கள் நடுவில் ஊர்ந்துகொண்டே பேஸை ஏற்றுவது. டிரெய்லர் உறுமலும் பேஸ்தான். அதை ஜெயிக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, அதே செட்டிங்கோடு ராத்திரி உங்கள் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும், பாடுபவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். செட்டிங் வைக்க வண்டி நின்றிருக்க வேண்டும். வைத்ததைச் சரிபார்க்க, சாலை கொஞ்சம் காலியாக இருக்கும் நேரத்தில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடி மூடியிருக்கட்டும், ஏசி ஓடட்டும். மே மாதத்தில் ஏசி இல்லாமல் எந்த மெட்ராஸ்காரர் கார் ஓட்டப் போகிறார்? அந்த ஃபேன் சத்தத்தோடு கேட்பதுதான் உண்மையான கேட்பு.

நின்றபடி கேட்கும்போது வண்டியை ஓட்டத் தயாரான 'ரெடி' நிலையில் வையுங்கள். ரேடியோ மாதிரிச் சில வசதிகள் மட்டும் ஓடும் அக்சசரி நிலையில் மணிக்கணக்கில் பாட்டு ஓடினால், வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம். அது இறங்கினால் கார் எழுந்திருக்காது. ரெடி நிலையில் பெரிய பேட்டரி சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பாட்டுக் கேட்டால் ரேஞ்ச் போய்விடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். சராசரியாக 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 0.05 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் சாப்பிடும் காரில் அது 400 மீட்டர் தூரம், டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே சிக்னலில் ஒரு தடவை ஏசியோடு மாட்டிக்கொண்டால் போவது இதைவிட அதிகமாக இருக்கும்.

ஷோரூமில் கேட்டு முடிவு செய்வது

கதவைத் திறந்து போட்டு, ஏதோ ஒரு டெமோ பாட்டைப் பெரிய வால்யூமில் ஓடவிட்டு, "கேளுங்க சார்" என்பார்கள். கதவுதான் அந்த ஸ்பீக்கரின் பெட்டி, மூடிய கேபின்தான் அதன் அறை. திறந்து வைத்தால் பேஸ் பாதி வெளியே போய்விடும். அதோடு, சத்தமாக இருப்பது நல்லதாகத் தோன்றும், இது எல்லோருக்கும் உள்ள பலவீனம். இரண்டு கார்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். போனில் உள்ள டெசிபல் ஆப் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இரண்டையும் சமப்படுத்த அது போதும்.

ஸ்பீக்கரை மூடியிருக்கும் ஜாலியின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் ஸ்பீக்கர் எண்ணிக்கையையும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஜேபிஎல், ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி மூன்றும் ஒரே ஹார்மன் குழுமத்தின் பெயர்கள்தான். அந்தக் குழுமத்தையே 2017இல் சாம்சங் வாங்கிவிட்டது. மேல்நிலை மாடல்களில் எம்ஜி வின்ட்சருக்கு 9 ஸ்பீக்கர், மஹிந்திரா எக்ஸ்இவி 9இக்கு 16 என்பார்கள். அந்த எண்ணில் ட்ரெபிளுக்கான சின்ன ட்வீட்டர் எத்தனை, சப்வூஃபர் உண்டா என்று கேட்டால்தான் விஷயம். ஒலி சுற்றிலும் மேலேயும் இருந்து வருவது மாதிரி காட்டும் டால்பி அட்மாஸும் அப்படித்தான். பாட்டு அட்மாஸாகப் பதிவாகியிருக்க வேண்டும், அது காருக்கு அப்படியே வந்து சேரும் வழியும் இருக்க வேண்டும். சாதாரண புளூடூத்தில் வருவது இரண்டு சேனல்தான்.

உங்கள் பாட்டை நீங்களே கொண்டுபோங்கள், முடிந்தால் யுஎஸ்பி பென் டிரைவில். நான் மூன்று வகை வைத்திருக்கிறேன். ஒன்று, மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாகப் பதிவான பழைய பாட்டு: குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் இடது, வலது சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸில் ஏதோ தப்பு. இரண்டு, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தது. நாதஸ்வரம் கணீரென்று இருக்கலாம், காதைக் கிழிக்கக் கூடாது. மூன்றாவது எங்கள் ஊர்ச் சரக்கு, டோலக் தூக்கலான கானா. டோலக்கின் இடப்பக்கம் 'தொம்' என்று விழுந்து உடனே நின்றால் பேஸ் நன்றாக இருக்கிறது. 'தொம்ம்ம்' என்று இழுத்தால் கதவு ஆடுகிறது. வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய பாட்டாக இருப்பது முக்கியம்.

பாட்டு வரும் வழி

யூடியூபில் யாரோ மூன்றாவது தடவையாகச் சுருக்கி ஏற்றியதை வைத்துக் காரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் தரம் 'லோ' என்று இருந்தால் நொடிக்கு 24 கிலோபிட், 'வெரி ஹை'யில் 320. டேட்டா மிச்சம் பிடிக்க எப்போதோ மாற்றி வைத்துவிட்டு மறந்தவர்கள் பலர். புளூடூத் என்றால் போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, காரில் கூட்டிக் குறையுங்கள். போனில் பாதியும் காரில் முக்காலும் வைத்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் கூடுதலாக வரும். ஒயர்லெஸ் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் பாட்டு வைஃபையில் வருகிறது, அதைப் புளூடூத் தரம் என்று ஒதுக்க வேண்டாம். போனில் உள்ள ஈக்வலைசர், டால்பி, பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். திருத்தம் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

சரி, இப்போது ஈக்வலைசர்

முதலில் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சரவுண்ட், 3டி மாதிரி வேடிக்கைகளையும், வேகத்துக்கு ஏற்ப வால்யூம் கூடும் வசதியையும் அணைத்துவிட்டு, இரண்டு நாள் அப்படியே கேளுங்கள். ஸ்பீக்கர் ஓடி ஓடிப் பழக வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் பழகுவது நம் காதுதான்.

நாம் உட்காருவது வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் முக்கால் மீட்டரில், இடது ஒன்றரை மீட்டர் தள்ளி. அந்த முக்கால் மீட்டர் வித்தியாசத்துக்கு ஒலி எடுத்துக்கொள்வது நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அவ்வளவு போதும், முதலில் வந்து சேரும் பக்கத்திலேயே பாட்டு நிற்பதாக மூளை முடிவு செய்துவிடும். இதற்குப் பலர் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளுகிறார்கள். சத்தம் சமமாகும், நேரம் சமமாகாது, பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்குத் தலைவலிதான் மிச்சம். 'டிரைவர் சீட்' என்று ஒரு நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அருகில் உள்ள ஸ்பீக்கரை அது கொஞ்சம் தாமதப்படுத்தும். இல்லையென்றால் பேலன்ஸ் ஒரு படி இடது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபேடர் நடுவிலிருந்து ஒன்றிரண்டு படி முன்னால் இருக்கட்டும். கச்சேரியை யாராவது முதுகு காட்டி உட்கார்ந்து கேட்பார்களா?

பேஸ், மிட், ட்ரெபிள் விஷயத்தில் குறைவாகத் தெரிவதை ஏற்றுவதைவிட அதிகமாகத் தெரிவதை இறக்குவது நல்லது. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயர் நாலு மடங்கு சக்தி தர வேண்டும், ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கோன் இரண்டு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதனால்தான் பல கம்பெனி சிஸ்டங்களில் வால்யூம் ஏறும்போது பேஸ் தானாக அடங்கும். ஸ்பீக்கரைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறார்கள், பழுது இல்லை. என் நண்பன் பேஸை ஏற்ற ஏற்ற அது பின்வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

குரல் மூடிக்கொண்டு கேட்டால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒரு படி இறக்குங்கள். ச, ஸ, ஷ எழுத்துகள் ஊசி மாதிரி குத்தினால் 5,000 முதல் 8,000 வரை. வெறும் மூன்று குமிழ்தான் உண்டு என்றால் மிட்டிலும் ட்ரெபிளிலும் ஒவ்வொரு படி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றும் முன் ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து, ஹாரன் சத்தத்தில் களைத்த காதோடு உட்காராதீர்கள். காலையில் செய்யுங்கள்.

கடகட சத்தம்

பேஸில் வரும் 'டர்ர்' எல்லாம் ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் இல்லை. 40இலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டோனை ஓடவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிப் பெட்டி, பின்னால் நம்பர் பிளேட், டிக்கி மேல்தட்டு. நண்பன் வண்டியில் டேஷ்போர்டுப் பிள்ளையார்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த டேப் வெயிலில் இளகிவிட்டது.

மெதுவாகப் போகும்போது மட்டும் வெளியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டால், அது நடந்து போகிறவர்களை எச்சரிக்க வண்டியே போடும் சத்தமாக இருக்கலாம். பொதுவாக 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நின்றுவிடும். ஏஎம் ரேடியோவில் வரும் கொரகொரப்பும் பெரும்பாலும் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பேஸ் போதவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் போடலாம், தப்பில்லை. ஆனால் ஒயரை வெட்டி ஒட்டுவதாகச் சொல்லும் கடையில் வேண்டாம். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் வோல்டேஜ், அவற்றின் பக்கம் டிரில் போகவே கூடாது. மின்சாரம் 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான், ஃபியூஸோடு. வாரன்ட்டி கெடாது என்று சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் நண்பன் இன்னும் அந்தக் கடைக்குப் போகவில்லை. பேஸ் இப்போது ஒரு படி கீழே இருக்கிறது.