மூணு மாசச் சர்க்கரைக்கு ஒரு நோட்டு போடுங்கள்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. சர்க்கரை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு நாளாகச் சோற்றைக் குறைத்து, டீயில் சீனி போடாமல் வந்து கையை நீட்டுவார்கள். வெறும் வயிற்றில் 110 என்று வந்ததும் முகம் மலரும். ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தில் எச்பிஏ1சி, அதாவது மூணு மாசச் சர்க்கரை, 8 என்று வரும். "மெஷினு தப்பாக் காட்டுது பாப்பா, இன்னொரு தடவ பாரு" என்பார்கள். மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சாகும்வரை விடாது. அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரண்டு நாள் பட்டினியால் இந்த எண்ணை அசைக்க முடியாது, இதற்கு வெறும் வயிற்றில் வரவும் தேவையில்லை. 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஏற்கெனவே நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு 7க்குள் வைக்கச் சொல்வார்கள். 8 என்றால் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 183 இருந்திருக்கிறது என்று கணக்கு.

சர்க்கரை கூடியே நின்றால் இதயமும் கெடும். ஆனால் ஒரு தடவை பார்த்த சீட்டை மட்டும் வைத்து இதயத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எத்தனை வருஷம் எந்த அளவில் நின்றது என்பதுதான் ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது. இங்கிலாந்தில் 1977ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், புதிதாக நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலிருந்தே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள். ஆய்வு முடிந்தபின் இரு தரப்புக்கும் அளவு ஒன்றாகிவிட்டது. அப்படியும் 10 வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் பிடித்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அதனால்தான் நோய் தெரிந்த முதல் வருஷத்திலேயே இந்த எண்களை எழுதிவைக்க ஒரு நோட்டு போடச் சொல்கிறேன்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். மெஷினிலிருந்து வரும் வழவழப்பான துண்டுச் சீட்டை நம்பாதீர்கள். எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வீட்டுக்கு வந்த உடனே பேனாவால் எழுதுங்கள்: தேதி, மூணு மாசச் சர்க்கரை, பிரஷர், எடை, கெட்ட கொழுப்பு, சாப்பிடும் மாத்திரையின் பெயர். கடைசியில் ஒரு கட்டம் விட்டு, அந்த மூன்று மாதம் என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். நம் கடற்கரைக்கு இந்தக் கட்டம்தான் முக்கியம்.

விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்க்க முடியும் என்றால், ஏப்ரல் முதல் வாரம் ஒன்று, ஜூன் மூன்றாவது வாரம் ஒன்று பாருங்கள். முதலாவது கடலுக்குப் போன மாதங்களின் கணக்கு, அடுத்தது கரையில் இருந்த 61 நாளின் கணக்கு. இந்த எண்ணில் கடைசி ஒரு மாதத்தின் பங்கு பாதி அளவுக்கு இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜூனில் ஏறியிருந்தால் உட்கார்ந்து வலை பின்னியதும், மூன்று வேளைச் சோறும், சாயங்கால வடையும் கணக்கில் வந்திருக்கும். ஏப்ரலில் ஏறியிருந்தால், படகில் மாத்திரையை விட்டிருப்பீர்கள்.

"கடல்ல மாத்திர போட்டா தலை சுத்துது தாயி" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை கீழே விழும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். கடலுக்குப் போகும் நேரத்தை டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றி வாங்குங்கள், மடியில் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்கிற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. ஏற்றும். சாளையும் சூடையும் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், இதயத்துக்கு நல்லது. கருவாட்டில் இருக்கும் உப்பு பிரஷரைக் கூட்டும். பீடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்குத் தனியாக ஒன்று. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் மூணு மாசச் சர்க்கரை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண் நம்பும்படி இருக்காது. அன்றைக்கே ஹீமோகுளோபினும் பார்த்து, பக்கத்திலேயே எழுதுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் வீட்டார் படிக்கிற மாதிரி பெரிதாக எழுத வேண்டியது இது: சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். நரம்பு மரத்துப்போயிருந்தால் வலி தெரியாது. திடீர் மூச்சு வாங்கல், காரணமில்லாத வியர்வை, நடக்க முடியாத சோர்வு, இவை வந்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். நடுக்கடலுக்கு 108 வராது. கரையில் ஒரு நாள் இப்படி இருந்தாலும் அன்றைக்குப் படகேறக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது நோட்டை விரித்து வைத்து மூன்றைக் கேளுங்கள்: என் வயசுக்கு எந்த எண்ணுக்குள் இருக்கணும், கொழுப்பு மாத்திரை வேணுமா, ஈசிஜி எடுக்கணுமா. எண் கூடியிருக்கிறது என்று பயந்து மாத்திரையை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில், 6க்குக் கீழே கொண்டுவர ரொம்ப வேகம் காட்டிய தரப்பில் இறப்பு கூடியதால் 2008ல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். வயசானவர்களுக்கு 8 வரை விடுகிற டாக்டரும் உண்டு, அது கவனக்குறைவில்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமும் இதே நோட்டை நீட்டுங்கள். அவர் பார்க்கும் பிரஷரையும் அதிலேயே எழுதி வாங்கினால், இரண்டு லேப் தேதிகளுக்கு நடுவில் இருக்கும் மாதங்களும் காலியாக இருக்காது.