ஆங்கிலக் கதையில் கினியை எழுதும்போது

ஆங்கில நாவல்களின் கையெழுத்துப் படிகளைத் திருத்துவது என் வேலை. போன மாதம் வந்த ஒன்றில், 1850-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு நோயாளி டாக்டரின் மேசையில் கினி என்ற பளபளக்கும் பழைய பிரிட்டிஷ் தங்க நாணயம் ஒன்றை வைக்கிறார். அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்தேன். கினியைக் கட்டணமாகச் சொன்னது சரி. அதை நாணயமாக மேசையில் வைத்ததுதான் தவறு.

அதனால் முதலில் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். கினி 1663-இல் அச்சடிக்கத் தொடங்கிய தங்க நாணயம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து தங்கம் வந்ததால் அந்தப் பெயர். 1717-இல் அதன் மதிப்பை 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார்கள். அதற்கு முன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக அச்சானது 1814-இல். 1817-இல் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு மதிப்புள்ள சாவரின் என்ற தங்க நாணயம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆக, 1780-இல் உங்கள் பாத்திரம் கினியை முடிந்து வைக்கலாம், கடித்துப் பார்க்கலாம், தொலைக்கலாம். 1850-இல் அது வாயால் சொல்லும் தொகை மட்டுமே.

அப்புறம், யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டாக்டர், வழக்கறிஞர், ஓவியர் ஆகியோரின் கட்டணம் கினியில் பேசப்படும். பந்தயக் குதிரையின் விலையும் அப்படித்தான். ரொட்டிக்கும் கூலிக்கும் ஷில்லிங், பென்ஸ் போதும். ரொட்டிக்கடைக்காரர் கினியில் விலை சொன்னால் படிப்பவருக்கு உறுத்தும். ஓவியர் ‘ஃபைவ் கினீஸ்’ என்றால், தொகையோடு அவர் தன்னை எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார் என்பதும் தெரிந்துவிடும். கணக்குப்படி அது 5 பவுண்டு 5 ஷில்லிங்.

இலக்கணம் எளிது. நாணயமோ தொகையோ, ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து சிறியதுதான். இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஊரில் 1809-இல் தொடங்கிய ‘டூ தௌசண்ட் கினீஸ்’ குதிரைப் பந்தயத்தின் பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து. ‘ஃபைவ் கினீஸ்’ என்று தனியே வந்தால் பன்மை. ‘ஃபைவ்-கினி ஃபீ’ என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் ஒருமை, நடுவில் சிறு கோடு.

இன்றைய கதையா? 1971 பிப்ரவரி 15-இல் பிரிட்டன் ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ் என்ற கணக்குக்கு மாறியது. அதற்குப் பிறகு ஷில்லிங் கணக்கே இல்லை. கினி என்றால் 1 பவுண்டு 5 பென்ஸ். நியூமார்க்கெட் குதிரை ஏலத்தில் இன்றும் அந்தக் கணக்கு உண்டு என்பதால் அங்கே தாராளமாக எழுதலாம்.

திரும்பி வந்த படியில் நோயாளி ஒரு சாவரினை வைத்துவிட்டு, மிச்சமுள்ள ஒரு ஷில்லிங்குக்காகக் கோட்டுப் பையைத் துழாவுகிறார். டாக்டர் காத்திருக்கிறார்.